கூஹென், குக்கீ, கேக்ஸ்: ஒரு ஜெர்மானியப் பலகாரச் சொல் பிரிந்த மூன்று பாதைகள்

பெர்லினில் ஒரு கடைக்குள் போய் "கேக்ஸ்" என்று கேட்டால், ஓரத்தில் பல் வெட்டிய மெல்லிய பிஸ்கட் கைக்கு வரும். வார்சாவில் அதே சொல்லைச் சொன்னால் உலர்பழங்கள் நிறைந்த நீளக் கேக்கில் ஒரு துண்டு வெட்டித் தருவார்கள். மாஸ்கோவிலும் உலர்திராட்சை போட்ட கேக்தான் வரும். ஸ்வீடனுக்குப் போனால் மறுபடியும் மொறுமொறு பிஸ்கட். நாம் "கேக்" என்று சொல்லும் பண்டத்துக்கு ஜெர்மானியர் வைத்திருக்கும் பெயரோ கூஹென்.

இதற்கு விளக்கம் தேடுவோர் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். சமையலறைக்கான ஜெர்மன் சொல்லிலிருந்து கூஹென் வந்தது என்பது ஒன்று. ஆங்கிலக் கேக்கை ஜெர்மானியர் தம் வாய்க்கு ஏற்பக் கூஹென் என்று மாற்றிக்கொண்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. சரியான விடைக்கு ஒலியிலிருந்து தொடங்க வேண்டும்.

சமையலறைக்கும் கூஹெனுக்கும் உறவில்லை

சமையலறைக்கு ஜெர்மனில் "க்யூஹெ" என்று பெயர். காதுக்குக் கூஹெனின் உடன்பிறப்பு போலவே இருக்கிறது. ஆனால் க்யூஹெ, ஆங்கிலத்தின் கிச்சன் இரண்டும் லத்தீனிலிருந்து கடனாக வந்தவை. "சமைத்தல்" என்று பொருள்படும் "கோக்வெரெ" என்ற லத்தீன் வினையே அவற்றின் மூலம். கூஹெனுக்கு அந்தக் கடன் கிடையாது. பழைய உயர்ஜெர்மனில் (தெற்கே பேசப்பட்ட ஜெர்மனின் பழைய வடிவம்) "குவொஹ்ஹோ" என்று இருந்த இந்தச் சொல், ஜெர்மன், ஆங்கிலம், டச்சு, ஸ்வீடிஷ் எல்லாம் அடங்கிய ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் சொந்தச் சொத்து.

சொந்தம் என்பதற்குச் சான்று உயிரெழுத்தில் இருக்கிறது. தமிழில் சுடு–சூடு, கெடு–கேடு, படு–பாடு என்று முதனிலை திரிவதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அதைப் போலவே ஜெர்மானிய மொழிகளிலும் ஒரே வேருக்குள் உயிரொலி இடம் மாறும். ஆங்கிலத்தில் "டேக்" இறந்தகாலத்தில் "டுக்" ஆகிறது. "ஷேக்" "ஷுக்" ஆகிறது. இங்கே நடப்பதும் அதே மாற்றம்தான்: ஒரு கிளையில் பழைய நோர்ஸின் "காகா", இன்னொரு கிளையில் டச்சின் "கூக்". ஆங்கிலக் கேக் முதல் கிளையைச் சேர்ந்தது. வைக்கிங்குகளின் மொழியான அந்தப் பழைய நோர்ஸிலிருந்து சென்று 13ஆம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. ஜெர்மன் கூஹென் இரண்டாம் கிளை. இடையில் வாங்கிய கடன் சொல்லில் இப்படி வேருக்குள் உயிர் திரிவதைக் காண முடியாது. ஆகவே கேக்கும் கூஹெனும் அண்ணன் தம்பி உறவு. ஒன்று மற்றொன்றின் பிள்ளை அல்ல. (ஸ்வீடனில் இன்றும் "காகா" என்றுதான் சொல்கிறார்கள். தமிழ்க் காதுக்குக் காக்கையைக் கூப்பிடுவது போலிருக்கும்.)

"க்" எங்கே "ஹ்" ஆனது

டச்சில் "கூக்". ஜெர்மனில் "கூஹென்". நடுவில் இருந்த வல்லொலி எங்கே போயிற்று?

ஏறக்குறைய 6 முதல் 8ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் தென்பகுதி ஜெர்மன் பேச்சில் மெய்யொலிகள் பெரிய அளவில் இடம்பெயர்ந்தன. அதில் உயிரை அடுத்து வரும் "க்" ஒலி தொண்டையிலிருந்து உரசி வரும் "ஹ்" ஆயிற்று. ஆங்கிலத்தில் "மேக்", டச்சில் "மாகன்", ஜெர்மனில் "மாஹன்". ஆங்கிலத்தில் "புக்", டச்சில் "பூக்", ஜெர்மனில் "பூஹ்". வடக்கே கடலோரத்தில் பேசப்பட்ட தாழ்ஜெர்மனிலும் டச்சிலும் இந்த மாற்றம் நடக்கவேயில்லை. டியூசல்டோர்ஃப் நகரின் பென்ராத் பகுதி வழியாக மொழியியலாளர் ஒரு கோடு வரைந்து வைத்திருக்கிறார்கள். அதற்கு வடக்கே பழைய பேச்சுவழக்கில் "மாகன்", தெற்கே "மாஹன்".

நம் விஷயத்துக்கு இது மிக வசதியான தடயம். உலகில் எங்கே இந்தக் குடும்பத்துச் சொல் கிடைத்தாலும், அது எவர் கப்பலில் வந்தது என்று ஒலியைப் பார்த்தே ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

1. "க்" அப்படியே நின்றால் டச்சுக்காரர்கள், தாழ்ஜெர்மன் வணிகர்கள், ஸ்காண்டிநேவியர்கள் அல்லது ஆங்கிலேயர்களின் கைவழி.
2. "ஹ்" என்று உரசினால் உயர்ஜெர்மன் பேசிய குடியேறிகள் அல்லது பேக்கரிக்காரர்கள் கொண்டுவந்தது.
3. கேக் என்பதன் கடைசியில் "ஸ்" ஒட்டிக்கொண்டிருந்தால் ஆங்கிலப் பன்மை. அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பிஸ்கட் தொழிலோடு பரவியது.

இந்த மூன்று பாதைகளையும் தனித்தனியே பார்ப்பதற்கு முன் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். முக்கியமான குழப்பம் அங்கேதான்.

இனிப்பு இல்லாத கூஹென்கள்

கூஹென் என்றதும் சர்க்கரை, வெண்ணெய், முட்டை என்று மனம் ஓடுகிறது. அந்தச் சொல்லுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அது பண்டத்தின் வடிவத்தைச் சொல்கிறது: தட்டையாக, வட்டமாக, ஒன்றாகச் சேர்ந்து கெட்டிப்பட்டது. தமிழில் "அடை" என்ற சொல் வாணலியில் வேகும் அடைக்கும் தேனடைக்கும் பொதுவாக இருப்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

வெங்காயக் கூஹென் உப்புக் கரிக்கும். தென்மேற்கு ஜெர்மனியில் இலையுதிர்காலத்தில் புதுத் திராட்சை மதுவோடு அதைத் தின்பார்கள். ரைன் கரையின் ரைபகூஹென் துருவிய உருளைக்கிழங்கை எண்ணெயில் தட்டிப் பொரிப்பது. நாய்க் கூஹென் என்பது நாய்க்குப் போடும் பிஸ்கட். எண்ணெய்க் கூஹென் என்று ஜெர்மன் விவசாயி சொல்வது நம் ஊர்ப் பிண்ணாக்கை. செக்கிலிருந்து எண்ணெய் வடிந்தபின் எஞ்சும் கட்டிதானே அது. வடிவம் பொருந்துகிறது, பெயரும் பொருந்திவிட்டது. போலந்து மொழியில் பிண்ணாக்குக்கு "மாகுஹ்" என்று பெயர். கசகசாவுக்கான பழைய ஜெர்மன் சொல்லும் கூஹெனும் சேர்ந்து உருவான கூட்டுச்சொல் அது.

இவை எல்லாவற்றையும் விட வியப்பானது தாய்க் கூஹென். ஜெர்மனில் கருப்பையின் நஞ்சுக்கொடிக்கு அதுதான் பெயர். டச்சு, டேனிஷ், ஸ்வீடிஷ் மொழிகளிலும் அப்படியே "தாயின் கேக்" என்றுதான் சொல்கிறார்கள். காரணம் லத்தீன் மருத்துவச் சொல்லான "பிளசென்டா". அது முதலில் ஒரு பலகாரத்தின் பெயர். கிரேக்கத்தில் தட்டைப் பணியாரத்துக்கு இருந்த பெயர் ரோமுக்குப் போய், பாலாடைக்கட்டியும் தேனும் அடுக்கிச் சுட்ட பிளசென்டா ஆனது, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கேட்டோ எழுதிய வேளாண்மை நூலில் அதன் செய்முறையே இருக்கிறது. 1559இல் வெளியான உடற்கூறு நூலில் இத்தாலிய மருத்துவர் ரெயால்தோ கொலம்போ, வட்டமாகத் தட்டையாக இருந்த அந்த உறுப்புக்குப் பலகாரத்தின் பெயரையே வைத்தார். ஜெர்மானியர் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக்கொண்டார்கள்.

பழைய பலகாரப் பெயர் அடுப்படியை விட்டுப் போய்விடவும் இல்லை. ருமேனியாவில் "பிளசிந்தா" என்பது பாலாடைக்கட்டியோ ஆப்பிளோ வைத்த அடை. அங்கிருந்து ஹங்கேரிக்குப் போய் "பலச்சிந்தா" ஆகி, மெல்லிய தோசை போன்ற இனிப்பைக் குறித்தது. வியன்னாவில் அது "பலாச்சிங்கன்". ஜெர்மனில் "ஷிங்கன்" என்றால் பன்றித்தொடை இறைச்சி. பலாச்சிங்கனில் இறைச்சி துளியும் கிடையாது. பழக்கமில்லாத சொல்லைப் பழகிய சொல்லாக்கிப் பார்க்கும் ஆசை எல்லா மொழிக்காரர்களுக்கும் உண்டு.

ஜெர்மனிக்குள்ளேயே ஊருக்கு ஊர் பொருள் மாறுவதும் உண்டு. "சட்டிக் கூஹென்" என்று பொருள்படும் ஃபன்கூஹென், பெரும்பாலான இடங்களில் தோசைக்கல்லில் ஊற்றும் மாவுப் பண்டம். பெர்லினில் மட்டும் அது ஜாம் வைத்துப் பொரித்த உருண்டை. அதே உருண்டைக்கு ஜெர்மனியின் பிற பல பகுதிகளில் "பெர்லினர்" என்று பெயர். 1963 ஜூன் 26 அன்று கென்னடி பெர்லினில் "நான் ஒரு பெர்லினர்" என்று ஜெர்மனில் சொன்னபோது, தன்னை ஜாம் உருண்டை என்று அறிவித்துக்கொண்டதாக ஒரு கதை இன்னும் ஓடுகிறது. அன்று எதிரே நின்றவர்களின் ஊரில் அந்த உருண்டைக்குப் பெயர் ஃபன்கூஹென். அவர்களுக்குப் "பெர்லினர்" என்றால் பெர்லின்காரன் மட்டுமே. அவர்கள் கைதட்டினார்கள், சிரிப்பு பிற்காலத்தில் வேறு எங்கோ கிளம்பியது.

முதல் பாதை: "க்" போன துறைமுகங்கள்

பால்டிக் கடலில் வாணிபம் செய்த தாழ்ஜெர்மன் வணிகர்கள் லாட்வியாவுக்குக் "கூகா"வையும் எஸ்தோனியாவுக்குக் "கோக்" என்பதையும் விட்டுச் சென்றார்கள். ஃபின்லாந்தின் "கக்கு" ஸ்வீடன் வழி வந்தது. (தமிழில் இதை வாய்விட்டுப் படிக்காமல் விட்டுவிடலாம்.)

பெரிய பயணம் டச்சுக்காரர்களுடையது. கூக் என்பதோடு சிறுமை விகுதி சேர்த்தால் "கூக்யே", அதாவது குட்டிக் கூக். வட அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் நடத்திய நியூ ஆம்ஸ்டர்டாம் 1664இல் ஆங்கிலேயர் கைக்குப் போய் நியூயார்க் ஆனது. ஆட்சி போனாலும் குட்டிக் கூக் போகவில்லை. அமெரிக்க ஆங்கிலத்தில் அது "குக்கீ" ஆகி நிலைத்தது. பிரிட்டனில் பிஸ்கட் என்பதை அமெரிக்கர் குக்கீ என்பதற்கு இந்த டச்சுக் குடியேற்றமே காரணம். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மொன்டுல்லி, இணையதளம் நம் கணினியில் விட்டுச்செல்லும் சிறு தரவுத் துண்டுக்குக் குக்கீ என்று பெயர் வைத்தார். கணினிக்காரர்களிடையே முன்பே புழங்கிய "மேஜிக் குக்கீ" என்ற வழக்கிலிருந்து அவர் அதை எடுத்தார். இன்று ஒவ்வொரு இணையதளமும் அனுமதி கேட்டு நச்சரிக்கும் அந்தச் சொல், 17ஆம் நூற்றாண்டு டச்சு அடுப்படியின் குட்டிப் பணியாரம்.

கிழக்கே வந்த அதே குட்டிக் கூக் நம் பக்கம் கரையேறியது. இலங்கைக் கடலோரம் டச்சுக்காரர்களிடம் இருந்தது; யாழ்ப்பாணம் 1658இல் அவர்கள் வசம் போய் 1795இல் ஆங்கிலேயரிடம் மாறியது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள வீடுகளில் தவறாமல் சுடும் "கொக்கிஸ்" என்ற பலகாரத்தின் பெயர் அந்தக் காலத்துக் கூக்யேயிலிருந்து வந்தது. பெயர் மட்டும்தான் டச்சு. மாவு அரிசி மாவு, பால் தேங்காய்ப் பால். பூ வடிவ இரும்பு அச்சை மாவில் தோய்த்துக் கொதிக்கும் எண்ணெயில் விட்டு எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதை அச்சு முறுக்கு என்கிறோம். ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும்போது இதற்கே "ரோஸ் குக்கீஸ்" என்று பெயர். ஒரே அச்சு, ஒரே எண்ணெய். கொழும்பில் டச்சிலிருந்து நேரே வந்த பெயர். சென்னையில் அதே டச்சுச் சொல் நியூயார்க்கைச் சுற்றி ஆங்கிலம் வழியாக வந்த பெயர். உலகத்தைச் சுற்றிய சொல் பாக் நீரிணையின் இரு பக்கமும் ஒரே பலகாரத்தில் சந்திப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இரண்டாம் பாதை: "ஹ்" போன பண்ணைகள்

இந்தப் பாதையில் வணிகர்களைக் காட்டிலும் குடியேறிய உழவர்களே அதிகம்.

பிரான்சின் லொரேன் பகுதி ஜெர்மன் எல்லையை ஒட்டியது. முட்டை, பாலேடு, பன்றி இறைச்சித் துண்டுகள் சேர்த்துச் சுடும் "கீஷ்" அந்த ஊர்ப் பண்டம். எல்லையோர ஜெர்மன் பேச்சில் கூஹெனுக்கு இருந்த வடிவமே பிரெஞ்சு நாக்கில் கீஷ் ஆனது என்பது அகராதிகளின் பொதுவான முடிவு. பிரெஞ்சில் உரசொலி "ஹ்" கிடையாது. பக்கத்தில் இருந்த "ஷ்" அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கேக்கும் கீஷும் ஒரே வேர் என்றால் நம்ப மனம் வராது. வெங்காயக் கூஹெனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

தென் அமெரிக்காவின் சிலியில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசே ஜெர்மன் குடும்பங்களை அழைத்துத் தெற்கில் நிலம் கொடுத்தது. வல்டீவியா, ஒசோர்னோ, 1853இல் நிறுவப்பட்ட புவெர்த்தோ மோன்ட் வரை அவர்கள் பரவினார்கள். ஸ்பானிய மொழியில் உரசொலி ஏற்கெனவே இருந்ததால் கூஹென் சேதமில்லாமல் பிழைத்தது. சிலியில் இன்று கூஹென் என்றால் பழம் பரப்பிய திறந்த பணியாரம். பன்மையில் ஸ்பானிய விகுதி சேர்த்துக் "கூஹெனெஸ்" என்கிறார்கள். அதே நாட்டில் ஆங்கிலக் கேக்கிலிருந்து வந்த "கேகெ" என்ற சொல்லும் உண்டு. அது அலங்காரமில்லாத சாதாரணக் கேக்கைக் குறிக்கும். அண்ணனும் தம்பியும் ஒரே தேநீர் மேசையில் வேறு வேறு ஆளாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் 2000ஆம் ஆண்டு முதல் கூஹென்தான் மாநிலத்தின் அதிகாரப்பூர்வ இனிப்பு. அங்கே அதைக் கொண்டுபோனவர்களில் பலர் ஜெர்மனியிலிருந்து நேரே வந்தவர்கள் அல்லர். ரஷ்யப் பேரரசின் கருங்கடல் பகுதியில் தலைமுறைகளாக விவசாயம் செய்துவிட்டு 1870களிலிருந்து கப்பலேறிய ஜெர்மானியர்கள்.

மூன்றாம் பாதை: ஒட்டிக்கொண்ட "ஸ்"

1889இல் ஹெர்மன் பால்சன் என்பவர் ஹனோவர் நகரில் ஒரு சிறு தொழிலை வாங்கினார். ஆங்கிலக் கேக்ஸும் பிஸ்கட்டும் செய்யும் தொழில் என்று அதன் பெயரிலேயே இருந்தது. ஆங்கிலேயரின் பிஸ்கட் அப்போது ஐரோப்பாவுக்குப் புதுமை. 1891இல் அந்த ஊரில் வாழ்ந்த தத்துவஞானி லைப்னிட்ஸின் பெயரைச் சேர்த்து, ஆங்கில எழுத்துக்கூட்டலோடு "லைப்னிட்ஸ் கேக்ஸ்" வெளியானது.

சிக்கல் எழுத்தில் வந்தது. ஆங்கில எழுத்துகளை ஜெர்மானியர் தம் வழக்கப்படி "காகெஸ்" என்று படித்தார்கள். 1911இல் பால்சன், ஒலிக்கேற்ற ஜெர்மன் எழுத்துக்கூட்டலுக்கு மாறினார். 1915இல் டூடன் அகராதி அதை ஏற்றுக்கொண்டது. ஆங்கிலத்தில் பன்மையாக இருந்த சொல் ஜெர்மனில் ஒருமை ஆயிற்று. ஒன்று "கேக்ஸ்", பல "கேக்ஸெ". பன்மைக்கு மேல் பன்மை. இதைக் கண்டு சிரிக்க நமக்கு உரிமையில்லை. "ஒரு சாக்ஸைக் காணவில்லை" என்று தேடுபவர்கள்தானே நாம்.

ஸ்காண்டிநேவிய மொழிகளும் ஃபின்னிஷும் ஹங்கேரியனும் இதே "ஸ்" ஒட்டிய வடிவத்தைப் பிஸ்கட் என்ற பொருளில் வைத்துக்கொண்டன. ரஷ்யனும் போலிஷும் அதே வடிவத்தை எடுத்துக் கேக் என்ற பொருளில் வைத்துக்கொண்டன. முதல் பத்தியின் குழப்பம் இங்கே தீர்கிறது: இரு தரப்பும் கடன் வாங்கியது ஒரே ஆங்கிலச் சொல்லை. தட்டையான கடினப் பண்டத்தையும் உப்பிய மென்பண்டத்தையும் அந்தச் சொல் ஆங்கிலத்திலேயே சேர்த்துச் சுமந்தது. ஸ்காட்லாந்தின் ஓட்கேக் இன்றும் பல்லைச் சோதிக்கும் தட்டைதான்.

ஆங்கிலேயருக்கே இந்த எல்லை தெளிவாக இல்லை என்பதற்கு வரி வழக்கு ஒன்று சாட்சி. பிரிட்டனில் கேக்குக்கு மதிப்புக்கூட்டு வரி கிடையாது. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு உண்டு. சாக்லேட் பூசிய ஜாஃபா கேக் என்ற பண்டம் எந்த வகை என்ற கேள்வி 1991இல் தீர்ப்பாயத்துக்குப் போனது. ஆராயப்பட்ட அடையாளங்களில் ஒன்று: பழசானால் கேக் இறுகும், பிஸ்கட் நமுத்துப்போகும். ஜாஃபா இறுகியது. கேக் என்று தீர்ப்பானது.

பால்சன் கதைக்கு ஒரு வால் உண்டு. 2013 ஜனவரியில் ஹனோவர் அலுவலக முகப்பில் தொங்கிய பொன்முலாம் பூசிய கேக்ஸ் காணாமல் போனது. குழந்தைகள் நிகழ்ச்சியில் குக்கீ தின்னும் நீலப் பூதத்தின் வேடமிட்ட ஒருவர் அதைக் கையில் வைத்திருக்கும் படத்தோடு மிரட்டல் கடிதம் வந்தது. அடுத்த மாதம், லைப்னிட்ஸ் பெயர் கொண்ட பல்கலைக்கழகத்தின் முன்னுள்ள குதிரைச் சிலையின் கழுத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது. டச்சுப் பெயருள்ள பண்டத்தின் பூதம் ஆங்கிலப் பெயருள்ள பண்டத்தைத் திருடியிருக்கிறது. சொல்லாராய்ச்சிப்படி பொருள் குடும்பத்தை விட்டு வெளியே போகவில்லை.

குடும்பத்தில் சேராதவை

ஒலியின் ஒற்றுமையையோ பண்டத்தின் ஒற்றுமையையோ நம்பி உறவு சொல்லிவிடக்கூடிய நான்கு பெயர்கள் உண்டு.

1. அரபியின் "கஅக்": ஈகைத் திருநாள் பலகாரம். கேக் போலவே ஒலிக்கிறது, உறவில்லை.
2. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர் அறிந்த "குவே": இந்தோனேசியாவை டச்சுக்காரர்கள் ஆண்டதால் கூக்கோடு முடிச்சுப் போடத் தோன்றும். அது ஹொக்கியன் சீனச் சொல்.
3. ஹங்கேரியின் "கலாச்", ரஷ்யாவின் "கலாச்": ஸ்லாவிய மொழிகளில் சக்கரத்தைக் குறிக்கும் சொல்லின் வழி வந்தவை.
4. "டோர்ட்டெ": ஜெர்மன்தான், ஆனால் இத்தாலியின் "தோர்த்தா"விலிருந்து வந்த கடன். ஜெர்மானியர் அடுக்கடுக்காகப் பாலேடு பூசியதை டோர்ட்டெ என்றும், எளிமையாகச் சுட்டதைக் கூஹென் என்றும் பிரித்துக்கொள்கிறார்கள். தோர்த்தா மெக்சிகோவில் சாண்ட்விச், பிலிப்பைன்ஸில் முட்டையடை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

மூன்றும் சேரும் கடை

சீனாவின் சிங்டாவ் ஜெர்மன் ஆட்சியில் இருந்தபோது கார்ல் யூஹைம் என்பவர் அங்கே பலகாரக் கடை வைத்திருந்தார். முதல் உலகப் போரில் ஜப்பான் அந்த ஊரைப் பிடித்தது. யூஹைம் கைதியாக ஹிரோஷிமாவுக்கு அருகில் உள்ள நினோஷிமா தீவு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1919 மார்ச்சில் ஹிரோஷிமாவில் கைதிகளின் கைவேலைகளைக் காட்சிக்கு வைத்தபோது அவர் சுட்டு வைத்தது பவும்கூஹென், அதாவது மரக் கூஹென். சுழலும் தண்டின்மேல் மாவை அடுக்கடுக்காக ஊற்றிச் சுட்டு, குறுக்கே வெட்டினால் மரத்தின் ஆண்டு வளையங்கள் போலத் தெரியும். காட்சி நடந்த கட்டடத்தின் மிச்சம்தான் இன்று அணுகுண்டு நினைவுச் சின்னமாக நிற்கும் குவிமாடம். யூஹைம் விடுதலையானபின் ஜப்பானிலேயே தங்கி யோகொஹாமாவில் கடை திறந்தார். 1923 நிலநடுக்கம் அதை அழித்தது. கோபே நகருக்கு மாறினார். 1945 ஆகஸ்ட் 14 அன்று இறந்தார்.

ஜப்பானியர் அந்த வளையங்களை நீண்ட ஆயுளின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். திருமணத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்பும் பரிசுப் பெட்டியில் பவும்கூஹெனுக்கு இன்று வழக்கமான இடம் உண்டு. கோபேயில் ஒரு பலகாரக் கடைக்குப் போனால் ஆங்கிலம் வழி வந்த "கேக்கி", டச்சிலிருந்து அமெரிக்கா சுற்றி வந்த "குக்கீ", ஜெர்மானியக் கைதியோடு வந்த "கூஹென்" மூன்றும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள், தனித்தனி விலைச்சீட்டோடு இருக்கும்.